நூற்றுக்கு ஒன்றரை

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியல்ல.
பெய்யாத நாளைத்தான்
மீன் சந்தையில் கூடிப் பேசுவோம்.
அந்த ஊருக்கு வந்து
தட்டைக் கூரை போட்டாள்
ஒர்த்தென்சியா ஓயார்சூன்.

நான் கத்ரிலேயோ,
அந்தப் பள்ளியின் சாவிக்காரன்.
கட்டடக்கலை எனக்குத் தெரியாது.
வாளி தெரியும்.

நிலநடுக்கத்துக்கு இரண்டாம் வருஷம்.
ஆறு பாதித் தெருக்களைத் தின்றுவிட்டு
வாய்கூடத் துடைக்காமல் கிடந்தது.
ஊரே பலகைக்கும் தகரத்துக்கும் அலைந்தபோது
தோளில் வரைபடக் குழாயோடு இறங்கினாள்.
ஆண்கள் அணியும் காலணி,
ஓயாத சிகரெட்.
நகரசபையில் கேட்டார்கள்:
'கூரைக்குச் சரிவு எங்கே, அம்மணி?'
'இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரை.
உங்கள் கண்ணுக்குத் தெரியாது,
தண்ணீருக்குத் தெரியும்.'

தண்ணீருக்கும் தெரியவில்லை.

ஜூனில் எங்கள் குளிர்காலம் தொடங்கும்.
முதல் ஜூனிலேயே நான்கு வாளி
வரைபலகைகளுக்கு நடுவில்.
பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.
அவள் நாற்காலியை இழுத்து
சொட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.
'இன்றைக்கு யாரும் வரைய வேண்டாம்.
இந்தத் துளி எங்கே கிளம்பியது?
விழும் இடத்தைக் காட்டாதீர்கள்,
அது வாளிக்கே தெரியும்.'

மூன்று வாரம் ஏணியைப் பிடித்தேன்.
வடமேற்கு மூலையில் நுழைந்த நீர்
பதினான்கு மீட்டர் கான்கிரீட்டுக்குள் நடந்து
தென்புறத்தில் சொட்டியிருக்கிறது.
தாரில் ஒரு பூச்சை ஒப்பந்தக்காரன் விழுங்கியிருந்தான்.
'திருடியது அவன்.
நின்று பார்க்காதது நான்' என்று
கரும்பலகையில் எழுதினாள்.
ஒரு வாரம் அதை அழிக்க விடவில்லை.

நல்லவள் என்று சொல்லமாட்டேன்.
இங்கெபோர்க் என்ற பெண்ணின் படத்தை
எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்தாள்.
அந்தப் பெண் அன்றோடு போய்
பல் மருத்துவம் படித்தாள்.
பிற்பாடு என் கடைவாயைக் குடைந்தபடி சொன்னாள்:
'வலிக்கிற பல் வேறு, கெட்ட பல் வேறு, கத்ரிலேயோ.
அதை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்,
நாசமாய்ப் போக.'

எழுபத்து மூன்று செப்டம்பர்.
பட்டியலில் அவள் பெயர் ஏழாவது.
எல்லை தாண்டி, கடல் தாண்டி,
ரோஸ்டாக்கில் ஏதோ ஓட்டுத் தொழிற்சாலையில்
குளியலறை ஓடு வரைகிறாள் என்று கேள்வி.
பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் படுத்தார்கள்.
வரைபலகைகளை அடுப்பில் வைத்தார்கள்.
நான் சாவிகளை ஒப்படைத்தேன்.

மறு ஜூனில் கூரை வேலையைக் காட்டியது.
கட்டிலில், துப்பாக்கியில்,
தளபதியின் மேசை வரைபடத்தில் சொட்டியது.
'வாளி எங்கேடா?'
வாளி அறைச் சாவி
தொலைந்துவிட்டது என்றேன்.
முப்பத்தைந்து வருஷ வேலையில்
நான் தொலைத்த ஒரே சாவி.
கன்னத்தில் இரண்டு வாங்கினேன்.
ஆகஸ்டில் காலி செய்துவிட்டு
காய்ந்த இடம் பார்த்துப் போனார்கள்.

அவள் திரும்பி வந்தபோது
தலை முழுக்க வெள்ளை, கையில் ஊன்றுகோல்.
'எத்தனை?' என்றாள் வாசலிலேயே.
'பதினொன்று.'
ஒரு தூணைத் தட்டிப் பார்த்தாள்,
தர்பூசணி வாங்குகிறவளைப் போல.

புதிய முதல்வர் தயங்கித் தயங்கி
ஒரு தாளை விரித்தார்:
அவள் கூரைக்கு மேல்
சரிவான துத்தநாகக் கூரை.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெகுநேரம் பென்சில் சத்தம் மட்டும்.
'சரிவு போதும்.
தகர வாய்க்கால்தான் சின்னது.
இருபது சென்டிமீட்டராக்குங்கள்.
இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியாது.'

கையெழுத்துப் போடவில்லை.
சிகரெட் கேட்டாள். என்னிடம் இல்லை.

இருபதுதான் வைத்தார்கள்.
போன ஜூலைப் பெருமழையில்
எதிரே நீதிமன்றம் ஒழுகியது.
குமாஸ்தா குடையோடு ஓடிவந்து
வாளி இரவல் கேட்டான்.
சாவி இடுப்பிலேயே இருந்தது.
ஆறு கொடுத்தேன்,
ரசீது எழுதி வாங்கிக்கொண்டு.